இருவர் கூடத்தில் ஒருவர்

இருவர் கூடத்தில் தனி ஆளுக்கு இடம் கிடையாது. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "உங்க இணை எங்கே?" என்று கேட்டுவிடுவார்கள். இல்லை என்றால், யாரையாவது பிடித்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவார்கள். மனிதன் தனியாக உடற்பயிற்சி செய்தால் கொழுப்புதான் கரையும், ஜோடியாகச் செய்தால் அகந்தையும் சேர்ந்து கரையும் என்பது கூடத்தின் இயக்குநர் கண்டுபிடித்த உண்மை. அவர் மட்டும் தனியாகத்தான் பயிற்சி செய்வார். அவருக்கு ஈடான இணை இன்னும் கிடைக்கவில்லையாம்.

ஒரு காலத்தில் மேஜை நாற்காலி அடுக்கி வைத்திருந்த கிடங்கு அது. இப்போது தரை முழுக்கக் கறுப்பு ரப்பர் விரித்து, கயிறுகளைத் தொங்கவிட்டு, துடுப்பு மெஷின்களை வரிசையாகப் போட்டு, சுவரோரம் மணல் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். வாழ்க்கைக்குப் பயன்படும் பயிற்சி என்று பெயர். அதாவது, கனமானதைத் தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, சுமந்துகொண்டு நடப்பது. லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர் இதையே செய்தால் அவருக்குக் கூலி கொடுக்கிறார்கள். இங்கே தூக்குகிறவர்தான் கொடுக்க வேண்டும்.

பயிற்சி முறை எளிதானது. ஜோடியில் ஒருவர் வேலை செய்யும்போது மற்றவர் ஓய்வெடுப்பார். வேலை செய்கிறவர் களைத்துவிட்டால் முறை மாறும். ஆனால் களைத்துவிட்டேன் என்று அவரே சொல்லக் கூடாது. ஓய்வில் இருக்கிற இணைதான் அவர் முகத்தைப் பார்த்து, மூச்சைப் பார்த்து, "போதும்" என்று சொல்ல வேண்டும். "தன் களைப்பைத் தானே சொல்றவன் சுயநலக்காரன்" என்பார் இயக்குநர். இப்படிச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

மெத்தைக்காரர் அங்கே சேர்ந்தது டாக்டர் பேச்சைக் கேட்டு. சர்க்கரை ஏறியிருக்கிறது, உடம்பை அசையுங்கள் என்றார் டாக்டர். நாள் முழுக்க மெத்தை தூக்குகிறவனிடம் இதைச் சொல்கிறாரே என்று அவருக்கு வருத்தம். இருந்தாலும் தன் மெத்தைக் கடைக்கு இரண்டு தெரு தள்ளித்தான் கூடம் என்பதால் போய்ப் பார்த்தார். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மனைவியைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனார்.

"எனக்கு என்ன நோய் நொடியா? நான் எதுக்குங்க?" என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"எனக்குத் துணைக்குடி. சும்மா உக்காந்திரு, போதும்."

சும்மா உட்கார்ந்திருக்கிற பெண்ணா அவள்? கடையில் மெத்தை உறை தைக்கிறவள் அவள்தான். லோடு வந்தால் மெத்தையின் ஒரு முனையைப் பிடிக்கிறவளும் அவள்தான். இரட்டை மெத்தையைத் தனியாகத் தூக்க எந்தப் பயில்வானாலும் முடியாது. நடுவில் மடிந்து ஆளையே கவிழ்த்துவிடும். அவள் முன்னால் போவாள், அவர் பின்னால். பின்னால் இருக்கிறவருக்கு மெத்தையைத் தவிர வேறொன்றும் தெரியாது. "படிங்க... இன்னொரு படி... நிலை வருது, தலையைக் குனிங்க" என்று அவள் சொல்லச் சொல்ல அவர் நடப்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படித்தான். அதனால் கூடத்தில் பெரிய பெரிய உத்தியோகத்துத் தம்பதிகள் மணல் மூட்டையை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு சண்டை போடும்போது, இவர்கள் இருவரும் கல்யாண வீட்டில் ஜமக்காளம் மாற்றுகிற மாதிரி சாவகாசமாகத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

ஒவ்வொரு ஜோடியின் பெயரும் சுவரிலிருந்த பெரிய கரும்பலகையில் இருக்கும். பயிற்சியாளர், ஒரு சின்னப் பையன், இவர்களுக்கு 'மெத்தை ஜோடி' என்று பட்டப்பெயர் வைத்தான். அதை அவன் எழுதின லட்சணத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கொடுங்க தம்பி, நானே எழுதறேன். இது எங்க பேரா, கோழி கிளறினதா?"

சாக்பீஸை வாங்கி எழுதினாள். 'ஜோ' எழுதும்போது அழுத்திவிட்டாள், சாக்பீஸ் படக்கென்று முறிந்தது. முறிந்த துண்டை வைத்தே மீதியை எழுதி முடித்து, கையைத் தட்டிக்கொண்டு திரும்பி அவரைப் பார்த்தாள். அவ்வளவுதான் நடந்தது. அப்போது அவர் அதைப் பெரிதாகக் கவனிக்கக்கூட இல்லை.

போதும் என்று சொல்லுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பிக்கும்போதே சொல்லிவிடுவாள். "இன்னும் கொஞ்ச நேரம் விடலாமே அம்மா" என்று பயிற்சியாளர் கேட்டால், "நான்தானே தம்பி இவரோட குடும்பம் நடத்தணும்" என்பாள்.

பிறகு அவளுக்குத்தான் நோய் வந்தது. சர்க்கரைக்காரர் அப்படியே இருந்தார். நோயே இல்லாதவள் படுத்தாள், மெலிந்தாள், செத்துப்போனாள். இதில் நியாயம் கேட்க ஓர் அலுவலகம் இருந்தால் அவர் போயிருப்பார். இருந்தது இருவர் கூடம் மட்டும்தான். சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிட வேண்டுமே என்று அங்கே போனார்.

இணைப்பு அலுவலர் ஒரு சின்னப் பெண். கணினியிலிருந்து தலையைத் தூக்கி, பயிற்சி கொடுத்த புன்னகையோடு, "அம்மா வரலைங்களா சார்?" என்றாள்.

"அவ இறந்துட்டாம்மா."

"ஐயோ. கூடத்தின் சார்பா ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவிச்சுக்கறேன் சார்." கொஞ்ச நேரம் தலையைக் குனிந்திருந்துவிட்டு நிமிர்ந்தாள். "இப்ப அவங்க வேலையில இருக்காங்களா, ஓய்வுல இருக்காங்களா?"

"ரெண்டும் இல்லம்மா."

"இதுல ரெண்டு பொத்தான்தான் சார் இருக்கு." திரையைத் திருப்பிக் காட்டினாள். பச்சையில் வேலை, மஞ்சளில் ஓய்வு. மூன்றாவதாக ஒன்று எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று அவரும் குனிந்து தேடிப் பார்த்தார்.

"அப்ப ஓய்வுன்னு போட்டுக்கம்மா."

"எப்பத் திரும்புவாங்க சார்?"

அவள் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, 'நீண்ட ஓய்வு' என்று தானே அடித்துக்கொண்டாள். "உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க சார்" என்றும் அன்பாகச் சொன்னாள்.

கிளம்பும்போதுதான் பலகை கண்ணில் பட்டது. மெத்தை ஜோடி. 'ஜோ'வில் சாக்பீஸ் முறிந்த இடத்தில் ஒரு சின்னப் புள்ளி, அதற்கப்புறம் கோடு தடிமனாகிப் போயிருந்தது. அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

அவள் கையெழுத்து வேறெங்கும் இல்லை. வீட்டில் அவள் எதையும் எழுதினதே கிடையாது. வாங்க வேண்டிய சாமான் எல்லாம் மண்டைக்குள் இருக்கும். கடையில் எழுதுவாள், அதுவும் தையல் சாக்பீஸில், துணி மேல். நீளம், அகலம், எந்தப் பக்கம் மடிப்பு என்று ஓர் அம்புக்குறி. தைத்து முடித்ததும் உதறிவிடுவாள். இத்தனை வருஷமும் எழுதியதையெல்லாம் அவளே உதறித் தள்ளிவிட்டாள், இந்த ஒரு வரியைத் தவிர. ஜோடி இருக்கிறவரை பலகையில் பெயரை யாரும் தொடக் கூடாது என்பது கூடத்தின் விதி. கூடத்தில் இருந்த உருப்படியான விதி அது ஒன்றுதான்.

இயக்குநர் அவரை அறைக்கு அழைத்தார்.

"விஷயம் கேள்விப்பட்டேன். மனசைத் தளர விடாதீங்க. மரணம்கிறது என்ன சார்? தாங்குதிறன் தீர்ந்து போற இடம், அவ்வளவுதான். என் அனுபவத்துல சொல்றேன், இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணியிருந்தா நிறையப் பேர் பாதியில நின்னிருக்க மாட்டாங்க."

கண்ணை மூடித் திறந்து இயக்குநர் தொடர்ந்தார்.

"இந்தக் கூடத்துல இதுவரைக்கும் ஒரு ஜோடிகூடப் பிரிஞ்சதில்ல. பிரிஞ்சா உடனே ரெண்டு பேரையும் வெளியே அனுப்பிடுவோம். அதனால உள்ள இருக்கறவங்கள்ல பிரிஞ்சவங்கன்னு யாருமே கிடையாது. எங்க பெருமையே அதுதான். உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. வேற இணை தேடிக்கலாம். பழைய பேரை அழிச்சுட்டுப் புதுப் பேரு எழுதிடுவோம்."

"அழிக்க வேண்டாம் சார்" என்றார் அவசரமாக.

"அப்ப பதிலி. நல்லா யோசிச்சுக்குங்க, ஆண்டு விழாவுல கலந்துக்காத ஜோடியோட பேரும் போயிடும்."

பதிலியைப் பயிற்சியாளர் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். ஒரு மணல் மூட்டை. அதன் காதில் அவளுடைய உறுப்பினர் அட்டையைக் கோத்திருந்தார்கள்.

"அம்மா எடைக்குச் சரியா நிரப்பியிருக்கு சார். தூக்கிப் பாருங்க."

குனிந்து, இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினார். கடைசி மாதங்களில் அவளைக் கட்டிலிலிருந்து ஜன்னலோர நாற்காலிக்குத் தினமும் தூக்கிக்கொண்டு போனவர் அவர். அப்போது அவள் ஒரு தலையணை கனம்தான் இருந்தாள்.

"இது ரொம்பக் கனம் தம்பி. அவ இவ்வளவு இருக்கமாட்டா."

"சேரும்போது எடுத்த எடைதான் சார் கணக்கு. அப்புறமா இளைச்சதுக்கெல்லாம் கூடம் பொறுப்பில்ல."

சேரும்போது எடுத்த எடை. அப்படியானால் இது நோய் வருவதற்கு முந்தைய அவள். வழி முழுக்க வாயாடிக்கொண்டு வந்தாளே, அவள். அந்தக் கனத்தை அவர் மறந்தே போயிருந்தார். மூட்டையைக் கீழே வைக்கச் சொல்லிப் பயிற்சியாளர் இரண்டு தடவை சொன்னான். அவருக்குக் காதில் விழவில்லை.

அன்றிலிருந்து மெத்தைக்காரர் மூட்டையோடு பயிற்சி செய்தார். முதலில் அவர் முறை. துடுப்பு மெஷினில் உட்கார்ந்து இழுக்க ஆரம்பித்தார். மூட்டை ஓய்வு பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. இழுத்தார், இழுத்தார், யாரும் போதும் என்று சொல்லவில்லை. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. மற்ற ஜோடிகள் பயிற்சி முடித்து முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பயிற்சியாளர் நல்ல பையன்தான், பக்கத்திலேயே நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"நீயாவது சொல்லேன் தம்பி."

"நான் சொல்லக் கூடாது சார். அது இணையோட உரிமை. அதுல நாங்க தலையிடறதே இல்ல."

கடைசியில் காவலாளி சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்து விளக்கை அணைத்த பிறகுதான் அவர் கையை விட்டார்.

மறுநாள் மூட்டையின் முறை. அதை மெஷினில் உட்கார வைத்து வாரைக் கட்டினார்கள். மெத்தைக்காரர் ஓய்வு பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். "அப்படித்தாம்மா! விடாதீங்க! இன்னும் ஒண்ணே ஒண்ணு!" என்று பயிற்சியாளர் கத்தினான். மூட்டை அசையவில்லை. அந்த வாரமே எச்சரிக்கை வந்துவிட்டது: மெத்தை ஜோடியில் ஒருவர் அளவுக்கு மீறி உழைக்கிறார், இன்னொருவருடைய முயற்சி போதவில்லை, உறவில் விரிசல் இருக்கலாம். உறவு ஆலோசகரைப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள்.

ஆலோசகர் அறையில் மெல்லிய வெளிச்சமும் மூன்று நாற்காலிகளும் இருந்தன. அவருக்கு எதிர் நாற்காலியில் மூட்டையை உட்கார வைத்தார்கள். சரிந்தது, ஒரு குஷனை முட்டுக் கொடுத்தார்கள்.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பேச்சுவார்த்தை குறைஞ்சு போயிருக்கு" என்றார் ஆலோசகர் கனிவாக. "ஆம்பளைங்க மனசுல வச்சுக்கிட்டு வெளியே சொல்றதில்ல. அதுதான் எல்லாப் பிரச்சினைக்கும் வேர். அவங்க முகத்தைப் பாத்துச் சொல்லுங்க சார்."

முதலில் வெட்கமாக இருந்தது. இது என்ன கோமாளித்தனம் என்று எழுந்துவிடலாமா என்றுகூட நினைத்தார். எழுந்தால் பலகையில் பெயர் போய்விடும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உன் ஊசிப் பெட்டி சோபாலயே கிடக்கு. எடுத்து வைக்கல. ஊசி குத்திடப் போகுதுன்னு தினமும் பாத்துப் பாத்து ஓரமா உக்காரறேன். லோடு வந்தா வெளியாளைத்தான் பிடிக்கறேன். நல்ல பலசாலி. ஆனா முன்னால போறவன் வாயைத் திறக்கவே மாட்டேங்கறான். படி வருதுன்னு சொல்றதில்ல, நிலை வருதுன்னு சொல்றதில்ல. போன வாரம் நெத்தியில இடிச்சுக்கிட்டேன். இங்க பாரு." முடியை ஒதுக்கிக் காட்டினார். "வலி பெருசில்ல. வீட்டுக்கு வந்து யாருகிட்டக் காட்டறதுன்னு தெரியல."

ஆலோசகர் தலையசைத்துக்கொண்டே கேட்டார். பிறகு மூட்டையின் பக்கம் திரும்பினார். "இப்ப நீங்க பதில் சொல்லுங்கம்மா. அவசரமில்ல."

ஆலோசகர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், மெத்தைக்காரரும் காத்திருந்தார்.

"அம்மாவுக்கு இன்னும் கோபம் தீரல" என்று முடிவு சொன்னார் ஆலோசகர். "விட்டுப் பிடிங்க."

ஊரை விட்டுப் போய் வேலை பார்க்கிற மகள் ஞாயிற்றுக்கிழமை போனில் அழுதாள்.

"அப்பா, கடை ஆளு எல்லாம் சொன்னாரு. மண்ணு மூட்டையைத் தூக்கிக்கிட்டுச் சுத்தறீங்களாம். இந்த வயசுல எதுக்குப்பா அங்க போய் அவமானப்படறீங்க?"

"உங்கம்மா எழுதினது அங்க இருக்கும்மா."

"போட்டோ எடுத்துக்குங்கப்பா."

"எடுத்தேன். விரலை வச்சா கண்ணாடிதான் தட்டுது."



ஆண்டு விழா வந்தது. கூடத்தில் தோரணமும் ஒலிபெருக்கியும் கட்டி, உறுப்பினர்களின் உறவினர்களையெல்லாம் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். முக்கியப் போட்டி சுமந்து நடப்பது. ஜோடியில் ஒருவர் மற்றவரைத் தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றி வர வேண்டும். சுமக்கப்படுகிறவர் போதும் என்றால் இறக்கிவிடலாம், ஆட்டம் முடிந்தது. கடைசி வரை இறக்காத ஜோடிக்கு வெற்றி.

விசில் ஊதியதும் எல்லோரும் தூக்கினார்கள். மெத்தைக்காரர் மூட்டையைத் தோளில் சாய்த்து அணைத்துக்கொண்டு நடந்தார். ஒரு சுற்று முடிவதற்குள்ளேயே இங்கொன்றும் அங்கொன்றுமாகப் போதும் கேட்க ஆரம்பித்தது. சிலர் கணவன் முகம் சிவப்பதைப் பார்த்துச் சொன்னார்கள். சிலர் தங்களுக்கே இடுப்பு வலித்துச் சொன்னார்கள். ஓர் அம்மாள் சாப்பாடு வந்துவிட்டதைப் பார்த்துச் சொன்னாள். கடைசியில் மெத்தை ஜோடியைத் தவிர மிஞ்சியது ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும் மட்டும். டாக்டருக்குக் கால் பின்னியது. "போதும்ங்க, விடுங்க, கப்பு யாருக்கு வேணும்" என்று அந்தப் பெண் அவர் காதைப் பிடித்துத் திருகினாள். அவர் இறக்கிவிட்டார். இரண்டு பேரும் தரையிலேயே உட்கார்ந்து ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். அவர்களைத் தாண்டி நடக்கும்போது மெத்தைக்காரருக்குப் பொறாமையில் நெஞ்சு எரிந்தது. இந்த உலகத்தில் அவருக்கு வேண்டியிருந்தது அந்தத் தோல்வி ஒன்றுதான்.

மூட்டை ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே வெற்றி மெத்தை ஜோடிக்குக் கிடைத்தது. விசில் ஊதின பிறகும் அவர் நடந்துகொண்டிருந்தார். பயிற்சியாளர் ஓடி வந்து பிடித்து நிறுத்தி, மூட்டையை வாங்கி ஓய்வு பெஞ்சில் உட்கார வைத்தான். அவர் அதன் காலடியில் நின்றபடி மூச்சுக்குத் திணறினார்.

இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இதோ பாருங்க, இதுதான் தாம்பத்தியம்! மத்த எல்லா இணையும் பாதியில 'போதும், போதும்'னு கத்தினாங்க. அந்த அம்மா ஒரு வார்த்தை சொன்னாங்களா? ஒரு தடவை முகம் சுளிச்சாங்களா? உயிரோட இருக்கற பெண்கள் இவங்களைப் பாத்துக் கத்துக்கணும்!" கைதட்டல் அடங்கக் காத்திருந்தார். "இவ்வளவு பெரிய சாதனையைச் சாக்பீஸ்ல விட்டு வைக்கலாமா? அழியுற எழுத்துலயா இருக்கணும் இந்தப் பேரு? இனிமே இது அழியாத பெயிண்ட்ல இருக்கும்!"

பெயிண்டர் ஏற்கெனவே ஏணி மேல் தயாராக நின்றுகொண்டிருந்தார். வாளியில் துணியை நனைத்துப் பிழிந்தார்.

மெத்தைக்காரருக்கு விஷயம் புரிய ஒரு நொடி ஆயிற்று. "வேண்டாம்" என்றார். மூச்சுதான் வந்தது, குரல் வரவில்லை. கையைத் தூக்கி ஆட்டினார். கூட்டமும் அவரைப் பார்த்துச் சந்தோஷமாகக் கையாட்டியது. அவர் ஓடப் பார்த்தார், கால் ஒத்துழைக்கவில்லை. ஈரத் துணி இடமிருந்து வலமாக ஒரே இழுப்பில் போய்விட்டது. முறிந்த இடம், புள்ளி, தடித்த கோடு எல்லாம் வெள்ளைத் தண்ணீராகிச் சுவரில் வழிந்தது. பெயிண்டர் மனசாட்சியுள்ள தொழிலாளி, இன்னொரு தடவையும் அழுத்தித் துடைத்தார்.

பிறகு சிவப்பில் எழுதினார். ஒவ்வொரு எழுத்துக்கும் மஞ்சளில் நிழல் வைத்தார். மெத்தை ஜோடி. அழகான எழுத்துதான், எந்தக் கடை வாசலிலும் தொங்கவிடலாம்.

"நான் ஒண்ணுமே கேக்கலையே சார்" என்றார் மெத்தைக்காரர், குரல் திரும்பியதும். "அதை அப்படியே விட்டிருக்கலாமே."

"அடக்கத்தைப் பாருங்க!" என்றார் இயக்குநர் ஒலிபெருக்கியில்.

அவர் ரப்பர் தரையில் உட்கார்ந்தார். முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவள் செத்த அன்றுகூட வீடு நிறைய ஆட்கள் இருந்ததால் இப்படி அழ முடியவில்லை. ஆனந்தக் கண்ணீர் என்று ஒலிபெருக்கி அறிவித்தது. கூட்டம் மறுபடியும் கைதட்டியது.

பயிற்சியாளர் பக்கத்தில் வந்து குனிந்தான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. இருந்தாலும் விதி விதிதானே, அதுவும் இயக்குநர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. பெஞ்சில் சாய்ந்திருந்த மூட்டையைக் காட்டி, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்:

"எந்திரிங்க சார். இப்ப ஓய்வு முறை உங்களுது இல்ல, அம்மாவோடது."

மெத்தைக்காரர் கையை ஊன்றி எழுந்து நின்றார்.